தென்னாப்பிரிக்காவில் நம்மூர்க் காய்க்கு விதை எடுப்பது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு

டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வேலையாக வந்து, பின்பக்கம் கொஞ்சம் மண் இருக்கிற வீடும் அமைந்துவிட்டால், அடுத்த மாதமே ஊருக்குப் போன் போகும்: "அம்மா, வரும்போது கத்தரி விதை, பீர்க்கன் விதை, கருவேப்பிலைப் பழம் எல்லாம் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க." அந்தப் போனைப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

அனுமதிச் சீட்டு, சான்றிதழ் என்று அலைகிற வழியும் எனக்குத் தெரியும், இங்கே கிடைக்கிற காயிலிருந்தே விதை எடுக்கிற வழியும் தெரியும். வீட்டுத் தோட்டம் போடுகிறவருக்கு இரண்டாவதுதான் கட்டுப்படியாகும். ஆனால் சந்தையில் வாங்கிய பிஞ்சுக் கத்தரியை நறுக்கி, உள்ளே வெள்ளையாக இருப்பதைச் சுரண்டிக் காயவைத்தால் அது விதை ஆகிவிடாது. செடியில் இருக்கும்போதே விதை சில கட்டங்களைத் தாண்டியிருக்க வேண்டும். அந்தக் கட்டங்கள் பிடிபட்டால் எப்போது பறிப்பது, எதைக் கழுவுவது, எதைக் காயவைக்கவே கூடாது என்பதெல்லாம் தானாகப் புரியும்.

1. ஊரிலிருந்து கொண்டுவருவதா? முதலில் காகிதங்கள்

தென்னாப்பிரிக்காவில் 1983ஆம் ஆண்டின் 36ஆம் எண் வேளாண் பூச்சிகள் சட்டம் இருக்கிறது. விதை, கன்று, கிளை எதுவாக இருந்தாலும், விலக்கு கொடுத்த பொருளாக இல்லாவிட்டால் இறக்குமதி அனுமதி இல்லாமல் உள்ளே வர முடியாது. "ரெண்டு பொட்டலம்தானே" என்பது அங்கே செல்லாது. ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் பெட்டிகளை மோப்பம் பிடிக்க பீகிள் நாய்களே வைத்திருக்கிறார்கள்.

முறைப்படி செய்வதென்றால் வரிசை இதுதான். இறக்குமதி அனுமதிக்குப் பிரிட்டோரியாவில் உள்ள வேளாண் துறையின் தாவர நலப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் அடையாள ஆவணம், முகவரி, எந்த நாட்டிலிருந்து, எவ்வளவு, எதற்காக, எந்தத் துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாக என்பதெல்லாம் கேட்பார்கள். தாவரத்தின் அறிவியல் பெயர் கட்டாயம். கத்தரி, வெண்டை என்று எழுதினால் போதாது, சோலானம் மெலோங்கெனா, அபெல்மோஸ்கஸ் எஸ்குலெண்டஸ் என்று எழுத வேண்டும். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு இந்த ஒரு கட்டம் போதும், ஆகவே பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

அனுமதி கையில் வந்த பிறகுதான் இந்தியப் பக்க வேலை. அந்த அனுமதியின் நகலை வைத்துத்தான் அங்கே தாவர நலச் சான்றிதழ் வாங்க முடியும், ஏனென்றால் இந்த நாடு எந்த நோய், எந்தப் பூச்சி இல்லை என்று உறுதி கேட்கிறது என்பது அனுமதியில்தான் எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது சென்னை மீனம்பாக்கத்திலுள்ள தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம். வந்து இறங்கியதும் இங்கே மறுபடி பரிசோதனை. வரிசையை மாற்றிச் சான்றிதழை முதலில் வாங்கிவிட்டு அனுமதிக்கு ஓடினால் இரண்டும் வீண்.

செலவு என்று பார்த்தால் அனுமதிக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், கூரியர், பரிசோதனைக் கட்டணம் என்று நாலு இடத்தில் பணம் போகும், கடைசியில் அது விதையின் விலையைப் போலப் பல மடங்கு. கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், போன வருடம் வந்தவர் சொன்ன தொகையை நம்பிக் கட்டாதீர்கள். நேரம் வாரக்கணக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருவேப்பிலையில் மட்டும் இன்னும் கவனம். அது எலுமிச்சைக் குடும்பம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் பசுமையாதல் நோயைப் பரப்புகிற ஆசிய சில்லிட் பூச்சி கருவேப்பிலையிலும் வாழும். உலகத்திலேயே அதிகமாக இந்தப் பழங்களை ஏற்றுமதி செய்கிற நாடுகளில் இது ஒன்று, கன்றையோ கிளையையோ பார்த்தால் அதிகாரிகள் ஏன் பதறுகிறார்கள் என்று புரியும்.

2. நடக் கூடாதவை

2004ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் அயல் ஊடுருவிகள் பட்டியல் ஒன்று உண்டு. ஆமணக்கு, ஊமத்தை, சவுண்டல் இவையெல்லாம் அதில் இருக்கின்றன, நாவல் மரமும் சில மாகாணங்களில் வரும். பூஜைக்கு, மருந்துக்கு என்று எதையாவது நடுவதற்கு முன் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

3. ஒரு மொச்சையை ஊறவைத்துப் பிளந்து பாருங்கள்

இதற்குக் காசு கிடையாது, ஒரு ராத்திரி போதும். டபுள் பீன்ஸோ மொச்சையோ ராஜ்மாவோ, தோலோடு முழுதாக இருப்பதை நாலு எடுத்து ஊறப்போடுங்கள்.

காலையில் எடுத்துத் துடைத்துவிட்டு, ஒரு பக்கம் இருக்கும் வடுவைப் பாருங்கள். அது விதைத்தழும்பு, காயோடு விதையை ஒட்டவைத்திருந்த காம்பு அறுந்த இடம். இப்போது விதையை மெல்லப் பிதுக்கினால் தழும்புக்கு ஓரத்தில் ஒரு பொட்டிலிருந்து தண்ணீர் கசியும். அதுதான் சூல்துளை. பூவாக இருந்தபோது மகரந்தக் குழாய் பொதுவாக உள்ளே போனதும் அந்தத் துளை வழியாகத்தான், முளைக்கும்போது தண்ணீர் போகும் வாசல்களில் அதுவும் ஒன்று.

தோலை உரியுங்கள். அது விதையுறை. உள்ளே இரண்டு பருப்பு, அவைதான் விதையிலைகள். இரண்டையும் பிரித்தால் ஒரு பருப்பின் விளிம்பில் சின்னதாக வளைந்த ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்: கூர்மையான முனை முளைவேர், மறுமுனையில் மடித்துவைத்த இரண்டு குட்டி இலைகள் முளைக்குருத்து. செடி என்பது அந்தத் துணுக்குதான். மீதியெல்லாம் அதற்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு.

துவரம் பருப்பையும் உடைத்த உளுந்தையும் போட்டுவிட்டு முளைக்கவில்லையே என்று கேட்பவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. உடைக்கும்போது அந்தத் துணுக்கு போய்விடுகிறது, அல்லது பாதிச் சோற்றோடு நிற்கிறது. விதைக்க முழுப் பயறுதான் வேண்டும்.

எல்லா விதையிலும் சோறு விதையிலையில் இருக்காது. பீன்ஸ், பட்டாணி, பூசணி, சுரை இவற்றில் விதையிலை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டுவிடும். இங்கே மீலி என்று விற்கிற மக்காச்சோளத்திலோ சோற்றின் பெரும்பகுதி கருவூண் என்ற தனிப் பகுதியாக நிற்கும், அந்தத் துணுக்கு, அதாவது கரு, ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தேங்காய் உடைக்கும்போது நாம் குடிக்கிற இளநீரும் தின்கிற பருப்பும் இரண்டுமே கருவூண்தான். கண்ணுக்குக் கீழே புதைந்திருக்கிற சின்ன முளைதான் கரு.

4. செடியில் விதை கடக்கும் மூன்று கட்டங்கள்

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், பின்னால் சொல்லும் எல்லாவற்றுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

மகரந்தத்திலிருந்து இரண்டு ஆண் அணுக்கள் சூலுக்குள் போகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகும், இன்னொன்று நடுவிலுள்ள இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து கருவூணாகும். சூலைச் சுற்றியிருந்த உறை விதையுறையாக மாறும், சூற்பை காயாக மாறும். காய் அம்மாவுடையது, உள்ளே இருக்கும் கரு அம்மா அப்பா இருவருடையது. பக்கத்து வீட்டுப் பூசணியின் மகரந்தம் உங்கள் பூசணிக்கு வந்தால் இந்த வருடக் காயில் ஒன்றும் தெரியாது, அடுத்த வருடம் அந்த விதையைப் போடும்போதுதான் வேறு காய் காய்க்கும்.

முதல் கட்டத்தில் செல்கள் பிரிந்து வேர் எது, குருத்து எது என்று உருவம் வரும். விதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நாம் பிஞ்சாகப் பறிக்கிற வெண்டை, பீர்க்கு, வெள்ளரி எல்லாம் இந்தக் கட்டத்துக் காய்கள்.

இரண்டாவது கட்டம் நிரம்புவது. மாவு, புரதம், எண்ணெய் எல்லாம் தாயிடமிருந்து காம்பு வழியாக வந்து சேரும். எடை ஏறும், தண்ணீரின் பங்கு இறங்கும். இந்தச் சமயத்தில் அப்சிசிக் அமிலம் என்ற ஒரு ஹார்மோன் கருவை "இன்னும் முளைக்காதே" என்று பிடித்து நிறுத்திவைக்கிறது.

மூன்றாவது, காய்வது. காம்பின் தொடர்பு அறுகிறது, விதை வற்றி, உலர்ந்த காய்களில் 10 முதல் 15 சதவீத ஈரத்துக்கு வருகிறது. உலர்ந்தும் சாகாமல் இருக்கிற திறன் இரண்டாம் கட்டத்தின் பிற்பாதியில்தான் விதைக்கு வருகிறது. அதற்கு முன்னால் பறித்துக் காயவைத்தால் விதை பார்க்க விதை மாதிரியே இருக்கும், ஆனால் செத்திருக்கும். மக்காச்சோளத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: மணியைக் கதிரிலிருந்து பெயர்த்து அடியைக் கீறினால் கறுப்பாக ஒரு படலம் தெரிந்தால் தாய் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டாள், இனிப் பறிக்கலாம். தெரியவில்லையா, விட்டுவையுங்கள்.

பீன்ஸ், வெண்டை மாதிரி உலர்காய்களில் மூன்றாம் கட்டத்தைச் செடியே முடித்துத் தரும். கத்தரி, தக்காளி, வெள்ளரி மாதிரிச் சதைக்காய்களில் விதை முதிர்ந்தும் ஈரத்திலேயே உட்கார்ந்திருக்கும், காயவைக்கும் வேலை நம்முடையது.

5. தாய்க்காய் எங்கே வாங்குவது

டர்பனில் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் சந்தை, வார்விக் பக்கம் உள்ள அதிகாலைச் சந்தை, வெருலம், டொங்காட் என்று போனால் சுரை, பாகல், பீர்க்கு, முருங்கை எல்லாம் கிடைக்கும். சுரையைக் கேலபாஷ் என்றும் கொத்தமல்லியைத் தானியா என்றும் கேளுங்கள். விற்கிற ஆன்ட்டியிடம் "விதைக்கு முற்றின காய் ஒன்று வேண்டும், அடுத்த வாரம் எடுத்து வருவீர்களா" என்று கேட்டுப் பாருங்கள், சொந்தத் தோட்டத்திலிருந்து கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பல குடும்பங்களில் ஆயா காலத்திலிருந்து வருகிற விதை இருக்கிறது, இந்த மண்ணுக்குப் பழகிய விதை, ஊரிலிருந்து வருவதைவிட அதுதான் மேல் என்பது என் அபிப்பிராயம்.

சூப்பர் மார்க்கெட் காயில் ஒரு சிக்கல். பெரும்பாலும் எஃப்1 கலப்பினம், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை. விதை முளைக்கும், ஆனால் தாய் மாதிரியே காய்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். விதைப் பாக்கெட்டிலும் எஃப்1 என்று போட்டிருந்தால் இந்த வருடத்துக்கு நடலாம், சேமிக்க வேண்டாம். பாக்கெட்டுக்குள் விதை ரோஸாகவோ நீலமாகவோ இருந்தால் அது பூஞ்சைமருந்து பூசியது, குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள்.

கொத்தமல்லி மளிகையில் வாங்கியே போடலாம். நாம் விதை என்று சொல்வது உண்மையில் காய், உள்ளே இரண்டு விதை இருக்கும், செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக்கிப் போடுங்கள். ஆனால் மசாலாப் பாக்கெட்டில் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியது என்று எழுதியிருந்தால் அதை ரசத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: சுரை, பூசணி, வெள்ளரி இவற்றில் கலந்த விதையிலிருந்து வந்த காய் சில சமயம் கடுமையாகக் கசக்கும். அந்தக் கசப்பு குகுர்பிட்டாசின் என்ற நச்சு. சமைத்தாலும் போகாது. கசக்கும் சுரைக்காய்ச் சாறு குடித்து இந்தியாவில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சமைக்கும் முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள், அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்க வேண்டாம்.

6. எப்போது பறிப்பது

கத்தரி: பூத்து ஏறக்குறைய 50 முதல் 60 நாள். பளபளப்பு போய், மஞ்சளோ பழுப்போ ஆகி, தொட்டால் தொளதொளவென்று இருக்கும். கறிக்கு ஆகாத நிலைதான் விதைக்கு ஆகும் நிலை. ஒரு செடியில் ஒன்றிரண்டு நல்ல காயை ஆரம்பத்திலேயே நூல் கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது பறித்துச் சாம்பாரில் போட்டுவிடுவார்கள்.

வெண்டை, மொச்சை, பீன்ஸ்: செடியிலேயே பழுப்பாகி, ஆட்டினால் சலசலக்க வேண்டும். பிப்ரவரி மழையில் டர்பனில் காய் செடியிலேயே பூசணம் பிடிக்கும், சில சமயம் விதை காய்க்குள்ளேயே முளைத்தும் விடும். மழை விடாது என்று தெரிந்தால், காய் மஞ்சளாகிச் சுருங்க ஆரம்பித்ததும் செடியோடு பிடுங்கி வராந்தாவில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

வெள்ளரி மஞ்சளாகிப் பருத்த பிறகு. மிளகாய், தக்காளி நன்றாகச் சிவந்த பிறகு. பீர்க்கு, சுரை கொடியிலேயே காய்ந்து எடை குறைந்த பிறகு. பூசணியைப் பறித்து இரண்டு மூன்று வாரம் சும்மா வைத்துவிட்டு அறுங்கள், அந்த நேரத்திலும் உள்ளே விதை கொழுக்கும்.

7. எடுப்பது, கழுவுவது

தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. சாறோடு ஒரு கிண்ணத்தில் வைத்து இரண்டு நாள் புளிக்கவிடுங்கள், டர்பன் கோடையில் அதற்கு மேல் விட்டால் உள்ளேயே முளைவிடும். நாற்றம் வரும், வெளியே வையுங்கள். பிறகு அலசினால் நல்லது அடியில் நிற்கும். வெள்ளரிக்கும் இதே. கத்தரியைத் தண்ணீருக்குள் பிசைந்து எடுக்கலாம். மிளகாய்க்குக் கையுறை.

மிதக்கிற விதையெல்லாம் பதர் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சுரை, பீர்க்கு விதைகள் உள்ளே காற்றோடு நல்லதாகவே மிதக்கும், அவற்றுக்கு அந்தச் சோதனை ஆகாது. நகவெட்டியால் ஒன்றிரண்டை வெட்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகக் கெட்டியாக நிறைந்திருந்தால் சரி.

8. காயவைப்பது, வைத்திருப்பது

நிழலில், காற்றோட்டத்தில், தட்டிலோ வலையிலோ. 40 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது, ஆகவே மதிய வெயிலில் தகரக் கூரையில் போடாதீர்கள், ஓவன் அடுப்புப் பக்கமே போகாதீர்கள். காகிதத்தில் போட்டால் தக்காளி விதை ஒட்டிக்கொண்டு வராது. பூசணி விதை வளையாமல் மளுக்கென்று ஒடிய வேண்டும், பீன்ஸில் நகம் பதியக் கூடாது.

வித்துச் சேமிப்பில் எல்லோரும் சொல்கிற கணக்கு ஒன்று: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, வெப்பம் 5 டிகிரி குறைந்தால் இன்னொரு இரட்டிப்பு. டர்பன் கோடைக் காற்றில் காயவைத்த விதை மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், திறந்த டப்பாவில் சமையலறை அலமாரியில் வைத்தால் அடுத்த பருவத்துக்குத் தாங்காது. ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலம் வறண்டது, அங்கே இந்த வேலை பாதி.

வழி இதுதான். அரிசியை வெறும் சட்டியில் நன்றாக வறுத்து, உடனே மூடி ஆறவைத்து, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் பாதி போடுங்கள். விதையைத் துணியில் கட்டி மேலே வைத்து ஒரு வாரம் மூடிவையுங்கள். பிறகு விதையை மட்டும் இன்னொரு பாட்டிலுக்கு மாற்றி, அடைத்து, ஃபிரிட்ஜில். பயறு வகையாக இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வண்டின் முட்டை சாகும், காயாததை வைத்தால் விதை சாகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறக்காதீர்கள், வெளியே வைத்துக் குளிர் விட்ட பிறகு திறவுங்கள், இல்லாவிட்டால் விதை மேல் நீர் பூக்கும்.

பாட்டில், அரிசிக்குப் பதிலாக ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் எல்லாம் புதிதாக வாங்கினாலும் இருநூறு முந்நூறு ராண்டுக்குள் முடியும். ஊறுகாய் பாட்டிலும் பழைய ஜாம் பாட்டிலும் இருந்தால் அதுவும் இல்லை. வெங்காய விதை ஓரிரு வருடம்தான், பீன்ஸ் மூன்று நாலு வருடம், தக்காளியும் வெள்ளரியும் அதற்கு மேலும் இருக்கும்.

9. காயவைத்தால் செத்துப்போகும் விதைகள்

மா, பலா, நாவல், லிச்சி, அவகாடோ, கருவேப்பிலை. இவை மூன்றாம் கட்டத்துக்குப் போவதே இல்லை, ஈரத்தோடேயே உதிர்ந்து ஈரத்தோடேயே முளைக்கும். இந்த வகை விதைகளைப் பற்றி உலகத்தில் முக்கியமான ஆராய்ச்சி டர்பனில்தான் நடந்தது, குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா பெர்ஜாக்கும் நார்மன் பாமென்டரும் பல பத்தாண்டுகள் இதிலேயே உழைத்தார்கள்.

ஆகவே ஊரிலிருந்து யாராவது டிஷ்யூவில் சுற்றிக் காயவைத்துக் கொண்டுவரும் கருவேப்பிலை விதை, அனுமதி இருந்தாலும்கூட, பிரயோஜனம் இல்லை. டர்பனில் பாதி வீட்டில் மரம் நிற்கிறது. கறுத்த பழமாகக் கேட்டு வாங்கி, அன்றைக்கே சதையைப் பிதுக்கிக் கழுவி, அன்றைக்கே மண்ணில் போடுங்கள். மரத்தடியில் வேரிலிருந்து முளைத்த கன்று கிடைத்தால் இன்னும் சுலபம்.

சௌசௌ இதிலும் ஒரு படி மேலே. விதையைத் தனியே எடுக்கவே முடியாது, காய்க்குள்ளேயே முளைவிடும். முளைத்த காயை முழுசாகச் சாய்த்துப் பாதி புதைக்க வேண்டியதுதான். உம்கேனி ஆற்று முகத்தில் பீச்வுட் அலையாத்திக் காட்டுக்குப் போனால் மரத்திலேயே முளைத்துத் தொங்கும் விதைகளைப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல இடம்.

10. விதைக்கும் காலம்

"ஆடிப்பட்டம் தேடி விதை" இங்கே செல்லாது. ஆடியில் இங்கே குளிர்காலம், ஜோகன்னஸ்பர்க்கில் உறைபனி. புரட்டாசி விரதம் ஆரம்பிக்கிற சமயம், செப்டம்பர் பாதிக்கு மேல், கோடைக் காய்களுக்குச் சரியான நேரம். அப்போது போட்ட கத்தரியில் மாசி பங்குனி வாக்கில் விதை எடுக்கலாம். ஜோகன்னஸ்பர்க்காரர்கள் கத்தரி, மிளகாய் நாற்றை ஆகஸ்டிலேயே வீட்டுக்குள் ஜன்னலோரம் போட்டுவைக்கலாம்.

விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் பத்து விதையை ஈரக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃபிரிட்ஜ் மேல் வையுங்கள். பத்து நாளில் ஏழுக்கு மேல் முளைத்தால் வழக்கம்போல விதைக்கலாம், நாலைந்து என்றால் இரட்டிப்பாகத் தூவுங்கள், அதற்கும் கீழே என்றால் சந்தைக்குப் போய்ப் புதுக் காய் தேடுங்கள். மொச்சை மாதிரிக் கெட்டித்தோல் விதை தண்ணீரே குடிக்காமல் கல்லாகக் கிடந்தால் தழும்புக்கு எதிர்ப்பக்கம் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு ஊறப்போடுங்கள். ஆனால் எந்தப் பயறையும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்க வேண்டாம், காற்றில்லாமல் அழுகும்.

ஆழம் விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு. கீரை விதைக்கு மேலே சும்மா மண் தூவினால் போதும். பாட்டிலில் பெயர், எடுத்த மாதம், யாரிடம் வாங்கிய காய் என்று எழுதி ஒட்டுங்கள். பீர்க்கு விதையும் சுரை விதையும் தெரியும், ஆனால் நாலு வகைக் கத்தரி விதையும் பாட்டிலுக்குள் ஒரே மாதிரிதான் இருக்கும்.